கறுப்பேற்றிய வெள்ளி

வெள்ளிக் காதணி ஒன்று பட்டறை மேசையில் கிடக்கிறது. மாதுளம்பழ வடிவம். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. தலையில் சின்னக் கிரீடம், வயிற்றில் ஒரு வெடிப்பு, வெடிப்புக்குள் மணி மணியாக மாதுளை முத்துகள். அரம் போட்டாயிற்று, மெருகும் போட்டாயிற்று. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசுகிறது. வேறு ஊர் ஆசாரியாக இருந்தால் இதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை என்று பஞ்சு வைத்துப் பெட்டியில் மூடியிருப்பார். ஆர்மீனியத் தலைநகர் யெரெவானின் பட்டறையில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஈரல் நிறக் கந்தகக் கட்டியைக் கரைக்கிறார்கள். அழுகின முட்டை வாடை கிளம்புகிறது. காதணியைக் கம்பியில் கோத்து முக்கி எடுக்க எடுக்க வெள்ளியின் நிறம் மாறுகிறது. முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு செம்பு, பிறகு மயில் கழுத்து நீலம், கடைசியில் கரிக்கறுப்பு. முழுக்கக் கறுத்ததும் துணியால் அழுத்தித் துடைக்கிறார்கள். மேடான இடங்களில் வெள்ளி திரும்ப வருகிறது. பள்ளங்களில் கறுப்பு தங்கிவிடுகிறது. சற்றுமுன் பிறந்த நகைக்கு அறுபது வயது ஆகிவிடுகிறது.

கொலுசு கறுத்தால் திருநீறு போட்டுத் தேய்க்கிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது தலைகீழ் வேலையாகத் தெரியும். நகை என்றால் புதுசு, புதுசு என்றால் பளபளப்பு என்பது அங்கே சொல்லாமலே விளங்குகிற கணக்கு. ஆர்மீனியப் பெண் கடையில் தேடுவது வேறு. இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கியது பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்ததைப் போல இருக்க வேண்டும். பாட்டியின் பெட்டி என்னவாயிற்று என்பதுதான் அந்தக் கறுப்புக்குள் இருக்கிற கதை.

யெரெவானின் குடியரசுச் சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில், ஆராம் தெருவுக்கும் புசாண்ட் தெருவுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கிறது வெர்னிசாஜ் சந்தை. சனி, ஞாயிறுகளில் மேசைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பெயர் பிரெஞ்சு. வேர்ச்சொல் நமக்குத் தெரிந்த வார்னிஷ்தான். கண்காட்சி திறப்பதற்கு முந்தின நாள், மாட்டிவைத்த படங்களுக்குக் கடைசிப் பூச்சு அடிக்க ஓவியர்கள் வருவார்கள். அந்த நாளைக் குறித்த சொல் பிறகு திறப்பு விழாவுக்கே ஆகிவந்தது. 1980களில் யெரெவான் ஓவியர்கள் பூங்காவில் படங்களை வைத்து விற்கத் தொடங்கினார்கள். அவர்களை ஒட்டி மரச்செதுக்குக்காரர்கள், கம்பளக்காரர்கள், பின்னல்காரிகள், வெள்ளி வேலைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்து, நாளைக்கு ஓரிரு மணி நேரமே மின்சாரம் வந்த 1990களின் தொடக்கத்தில் வீட்டுச் சாமான்களும் இங்கே விலைக்கு வந்தன. பூச்சின் பெயரைத் தாங்கிய சந்தையில் கடைசிப் பூச்சாகக் கறுப்பு விற்கிறது என்பது யாரும் திட்டமிடாத பொருத்தம்.

மேசைகளில் என்ன இருக்கிறது என்பதை ஒரு சுற்று பார்த்துவிடலாம். மாதுளை எங்கும் இருக்கிறது: காதணி, மோதிரம், பதக்கம், சட்டையில் குத்துகிற புரோச். ஒரு பழத்துக்குள் 365 முத்து இருக்கும், நாளுக்கு ஒன்று என்பது ஊர்ப்பேச்சு. கல்யாணப் பெண் மாதுளையைச் சுவரில் எறிந்து உடைப்பாள், சிதறுகிற முத்துகளின் எண்ணிக்கைக்குப் பிள்ளைகள் பிறக்கும் என்பதும் அதே பேச்சு. மாதுளைக்கு அடுத்து, நடுப்புள்ளியிலிருந்து வளைந்து சுழலும் கிளைகளைக் கொண்ட முடிவிலிச் சக்கரம். இடைக்காலத்துச் சிலுவைக் கற்களான கச்கார்களில் இருப்பது. கண்ணேறு கழிக்கிற நீல மணி. ஊசிநூலால் மட்டும் பின்னிய லேஸ் காதணி. கம்பளத் துண்டில் தைத்த கைப்பை. ஆர்மீனிய எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனிப் பதக்கமாக. அப்புறம், வெயிலில் கறுப்பாக மின்னுகிற ஒரு கல்.

அந்தக் கல்லுக்குக் கறுப்பேற்ற வேண்டியதில்லை. எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறி உருவான கண்ணாடி அது, அப்சிடியன் என்கிறார்கள். கிராமத்தார் வைத்த பெயர் சாத்தானின் நகம். யெரெவானிலிருந்து செவான் ஏரிக்குப் போகிற வழியில், குத்தான்சார் எரிமலையின் சரிவுகளில் இந்தக் கல் பாளம் பாளமாகக் கிடக்கும். உடைத்தால் விளிம்பு சவரக்கத்தியைப் போலச் சீவும். அதே வட்டாரத்தில் நோர் கெகி என்னும் இடத்தில் 3 லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தைய மனிதர்கள் இதைத் தட்டிச் செய்த கருவிகளை ஆய்வாளர்கள் எடுத்து 2014இல் வெளியிட்டார்கள். வெர்னிசாஜ் மேசைகளில் உண்மையாகவே பழசு என்று சொல்லத்தக்கது இந்த ஒன்றுதான். விலை குறைவான பொருள்களில் அதுவும் ஒன்று.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மேசையில் இருப்பதெல்லாம் கைவேலை அல்ல. ஒரு மாதுளையைக் கையால் செதுக்கி, அதிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து, அச்சில் மெழுகு ஊற்றி, மெழுகு மாதுளைகளை ஒரு தண்டில் மரம்போல ஒட்டி, சுற்றிலும் மாக்கலவை ஊற்றி இறுகவைத்து, மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் வெள்ளியை ஊற்றினால் ஒரே வார்ப்பில் பத்து இருபது மாதுளைகள் பழுத்துவிடும். வார்ப்பு வெள்ளியின் முகத்தில் ஊசிமுனைத் துளைகள் விழும், விளிம்புகள் மழுங்கியிருக்கும். பளபளப்பாக விட்டால் அதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கறுப்பேற்றித் துடைத்தால் துளை, பழமையின் அடையாளமாக மாறிவிடுகிறது. பாட்டி நகையின் சாயலை வருவிக்கிற அதே கந்தகத் தண்ணீர் சோம்பல் வேலையையும் மூடிவைக்கிறது. தெரிந்தவர்கள் பதக்கத்தைக் கையில் எடுத்ததும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது இதனால்தான்.

ஆனால் வெள்ளியைக் கறுக்கவைக்கிற யோசனை சந்தைக்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல. அதற்கு ஊர் உண்டு. இன்று துருக்கியின் கிழக்கு ஓரத்தில், பெரிய உப்பு ஏரியின் கரையில் இருக்கும் வான்.

முதல் உலகப் போர்வரை வான் நகரத்து ஆர்மீனிய வெள்ளி வேலைக்காரர்களின் கைப்பொருள் தனியாகப் பெயர் பெற்றிருந்தது: சிகரெட் பெட்டி, கைத்தடிப் பிடி, வாளுறை, பெண்களின் ஒட்டியாணம். சிலவற்றில் ஆர்மீனிய எழுத்தில் வான் என்று பொறித்திருக்கும். வெள்ளியில் உளியால் கொடியும் பூவும் வெட்டி, வெட்டிய பள்ளத்தில் கறுப்பை இறக்குகிற வேலை அது. துருக்கியில் சவாத் என்பார்கள். கருமை என்கிற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஆர்மீனிய மொழியில் கறுப்புக்குச் சொல் ‘செவ்’. தமிழ்க் காதுக்குச் சிவப்பாகக் கேட்கிற ஒலி அங்கே கறுப்பைச் சொல்கிறது.

செய்முறை இப்படி: வெள்ளி, செம்பு, ஈயம் மூன்றையும் குகையில் உருக்கி அதில் கந்தகத்தைக் கொட்டினால் மங்கலான கறுப்புக் கலவை ஒன்று திரளும். அதை ஆறவைத்து, இடித்து, சலித்து, வெண்காரத் தண்ணீரில் குழைத்து, வெட்டிய கோடுகளின் மேல் அப்புவார்கள். பிறகு தணல். கலவை வெள்ளிக்கு முன்பே உருகும், உருகிக் கோடுகளுக்குள் ஓடும். இந்த இடத்தில் கண் தப்பக்கூடாது. சூடு மிஞ்சினால் கலவையில் இருக்கிற ஈயம் வெள்ளியையே தின்றுவிடும். பல நாள் செதுக்கிய கொடி ஒரு நொடியில் குழிப்புண்ணாகிவிடும். சரியான பதத்தில் எடுத்து ஆறவைத்து, மேலே வழிந்ததை அரத்தால் சீவிவிட்டால் கோடு மட்டும் கறுத்து நிற்கும், விரலால் தடவினால் மேடு பள்ளம் தெரியாது. கந்தகத் தண்ணீரில் முக்குவது மை பூசுவது மாதிரி. சவாத் பச்சை குத்துவது மாதிரி; எவ்வளவு ஆழம் வெட்டினார்களோ அவ்வளவு ஆழத்துக்குக் கறுப்பு இருக்கும்.

ஒட்டியாணம் வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. கல்யாணத்தில் இடுப்பில் ஏறுவது, தாயிடமிருந்து மகளுக்குப் போவது, குடும்பத்தின் சேமிப்பும் அதுவே. வான் நகரத்துக்குச் சவாத் என்றால், ஆர்மீனியர்கள் கரின் என்று சொல்லும் எர்சுரூமுக்குக் கம்பி வேலை. 1828–29 ருஷ்ய–துருக்கிப் போர் முடிந்ததும் கரின் ஆர்மீனியர்களில் ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டி ருஷ்யப் பகுதியான அகல்த்சிகேவுக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் குடிபெயர்ந்தார்கள். கம்பி வேலையும் கூடவே போயிற்று. கம்பியச்சில் மயிரளவுக்கு இழுத்த இரண்டு வெள்ளிக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, தட்டையாக்கி, குறட்டு முனையால் சுருளும் இலையுமாக வளைத்து, சட்டத்துக்குள் நெருக்கி அடுக்கி, பொடி வைத்து ஊத வேண்டும். கம்பி உருகுவதற்கு முன் பொடி உருக வேண்டும். ஊதுகிறவனின் மூச்சு ஒரு நொடி நீண்டால் பூ முழுவதும் ஒரு சொட்டு வெள்ளியாகத் திரண்டுவிடும்.

உஸ்மானிய நகரங்களில் நகைத்தொழில் பெருமளவுக்கு ஆர்மீனியர் கையில் இருந்தது என்பதற்கு ஆவணக் காப்பகத்தைக் குடைய வேண்டாம். குடும்பப் பெயர்களைப் படித்தாலே போதும். துருக்கியில் குயும்ஜு என்றால் நகை செய்கிறவர்: குயும்ஜியான். ஆர்மீனிய மொழியில் வோஸ்கெரிச் என்றால் பொற்கொல்லர்: வோஸ்கெரிச்சியான். அல்மாஸ் வைரம்: அல்மாசியான். 1920களில் லண்டனைக் கலக்கிய நாவலாசிரியர் மைக்கேல் ஆர்லனின் பிறப்புப் பெயர் திக்ரான் குயும்ஜியான். சுல்தானின் நாணயசாலையைத் தலைமுறைகளாக நடத்திவந்தது தூசியான் என்கிற ஆர்மீனியப் பொற்கொல்லர் குடும்பம். 1819இல் கணக்கில் கையாடல் என்று குற்றம் சாட்டி அந்தக் குடும்பத்தில் நால்வரைக் கொன்றார்கள். சில ஆண்டுகள் கழித்து நாணயசாலை திரும்பவும் அதே குடும்பத்தின் கைக்கு வந்தது. அரசுக்கு அந்த விரல்கள் இல்லாமல் ஆகவில்லை.

1915இல் எல்லாம் முடிந்தது. உஸ்மானிய அரசு ஊர் ஊராக ஆர்மீனியர்களைக் கிளப்பிச் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்கவிட்டது. வீடும் கடையும் நிலமும் ‘கைவிடப்பட்ட சொத்து’ என்று சட்டத்தில் பெயர் பெற்றன. கையில் எடுத்துப்போக முடிந்தது நகையும் காசும்தான்; அதனாலேயே நகையும் காசும் உயிருக்கு ஆபத்தாயின. உள்பாவாடை மடிப்பில் தைத்து வைத்தார்கள். வழிப்பறிக்காரர்கள் துணியை உரிப்பது தெரிந்ததும் பொற்காசுகளை விழுங்கினார்கள். ஹார்புத்தில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த லெஸ்லி டேவிஸ் அந்த ஆண்டு கோல்ஜுக் ஏரிக்கரையில் கண்ட பிணங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பல பிணங்கள் எரிக்கப்பட்டிருந்தன; விழுங்கிய தங்கத்தைச் சாம்பலில் தேடுவதற்காக எரித்ததாக அவருக்குச் சொல்லப்பட்டது.

வான் நகரம் ஏப்ரலில் எதிர்த்து நின்றது. மே மாதம் ருஷ்யப் படை வந்து சேர்ந்தது. கோடை முடிவதற்குள் ருஷ்யர்கள் பின்வாங்க, நகரத்து ஆர்மீனியர்கள் அவர்கள் பின்னால் வடக்கே நடந்தார்கள். பழைய வான் இன்று கோட்டைப் பாறையின் அடிவாரத்தில் புல் முளைத்த மேடுகளாக இருக்கிறது. பக்கத்தில் எழுந்த புதிய நகரத்துக் கடைகளில் சவாத் வெள்ளி இப்போதும் விற்பனைக்கு உண்டு. செதுக்குகிற கைகள் வேறு.

பாட்டியின் பெட்டி போன வழி இதுதான். வழியில் ரொட்டிக்குப் போனது பாதி, பறிபோனது பாதி. தப்பி வந்த பேத்தியிடம் மிஞ்சியது பெட்டியைப் பற்றிய பேச்சு. தாயற்ற பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சும் இல்லை.

லெபனானின் கசீர் என்னும் ஊரில் அமெரிக்க நிவாரணச் சங்கம் நடத்திய அனாதை இல்லத்தில் ஆர்மீனியச் சிறுமிகளுக்குத் தறி போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் முடிச்சிட்டு நெய்த ஒரு பெரிய கம்பளம் 1925இல் அமெரிக்க அதிபர் கூலிட்ஜுக்குப் பரிசாகப் போயிற்று. சிங்கம், மான், பறவை, மரம் என்று தோட்டம் நிறைய உயிர்கள். அதில் இருப்பது 44,04,206 முடிச்சு. முடிச்சை ஒன்று விடாமல் எண்ணி எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. இன்னும் பல இல்லங்களில் பெண்கள் ஊசியும் நூலும் வைத்து லேஸ் பின்னி விற்றார்கள். ஆர்மீனிய லேஸுக்குச் சட்டமும் வேண்டாம், தறியும் வேண்டாம். ஊசி ஒன்று, நூல் ஒன்று. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே முடிந்தது என்பதால் ஓரிடத்தில் அறுந்தாலும் பின்னல் முழுக்கப் பிரிந்து வராது. இன்று வெர்னிசாஜில் காதணியாகத் தொங்குகிற சின்னச் சக்கரம், முன்பு முக்காட்டின் ஓரத்திலும் கைக்குட்டை விளிம்பிலும் இருந்த அதே சக்கரம்தான்.

பெய்ரூத்தை ஒட்டி அகதிகள் சதுப்பைத் தூர்த்துக் கட்டிய போர்ஜ் ஹம்மூத் என்ற பகுதியில் தெருக்கூட்டங்களுக்கு இழந்த ஊர்களின் பெயர் வைத்தார்கள்: புதிய மராஷ், புதிய சீஸ், புதிய அதானா. அங்கே நகைக்கடைகளும் பட்டறைகளும் பெருகின. இஸ்தான்புல்லில் மிஞ்சிய ஆர்மீனியர்கள் மூடுசந்தையின் மாடிப் பட்டறைகளில் தொழிலை விடாமல் வைத்திருந்தார்கள். 1934இல் வந்த குடும்பப் பெயர்ச் சட்டத்துக்குப் பிறகு பலரது பெயரின் கடைசியில் இருந்த ‘யான்’ உதிர்ந்துபோயிற்று. இன்று உலகம் அறிந்த மோதிரக் கலைஞர் செவான் பிசாக்சி 12 வயதில் அந்த மூடுசந்தையில் ஹோவ்செப் சாத்தாக் என்ற ஆசானிடம் எடுபிடியாகச் சேர்ந்தவர். கல்லின் அடிப்பக்கத்திலிருந்து குடைந்து, உள்ளே இஸ்தான்புல்லின் குவிமாடங்கள் மிதப்பதுபோலச் செய்கிற வேலை அவருடையது. அந்த ஒளியைத் தாங்குகிற மோதிரத்தின் உடம்பு பெரும்பாலும் கறுக்கவைத்த வெள்ளி.

எல்லைக்கு இந்தப் பக்கம், சோவியத் ஆர்மீனியாவில், வெள்ளிக்கு முத்திரை 875, தங்கத்துக்கு 583 என்று மாஸ்கோ முதல் யெரெவான் வரை ஒரே எண்தான். தொழிற்சாலை நகைக்குப் பாட்டி கிடையாது. பழசின் மேல் ஆசை எப்போது திரும்பியது என்பதற்கு ஏறக்குறைய ஒரு தேதி சொல்லலாம். 1965 ஏப்ரல் 24, 1915 படுகொலையின் 50ஆம் ஆண்டு நாளில் யெரெவான் தெருக்களில் யாரும் எதிர்பாராத பெருங்கூட்டம் திரண்டது. 1967இல் சிசெர்னகபெர்த் குன்றில் நினைவிடம் எழுந்தது. அடுத்த ஆண்டு யெரெவான் தன்னுடைய 2750ஆம் பிறந்தநாளைக் கொண்டாடியது.

அந்தப் பிறந்தநாளுக்கு ஆதாரம் ஒரு கல். 1950இல் நகரத்தின் ஓரத்துக் குன்றில் கிடைத்த ஆப்பெழுத்துக் கல்வெட்டில், பண்டைய உராட்டு நாட்டு மன்னன் ஆர்கிஷ்தி எரெபூனி கோட்டையைக் கட்டியதாகச் செதுக்கியிருந்தது. கணக்குப் பார்த்தால் கி.மு. 782. கொண்டாட்டத்துக்கு வந்தவர்கள் சுற்றிப் பார்த்த யெரெவானோ பெரும்பாலும் அலெக்சாண்டர் தமான்யான் 1924இல் வரைந்த திட்டப்படி எழுந்த புது நகரம். இளஞ்சிவப்பு எரிமலைக் கல்லில் அரை நூற்றாண்டுக்குள் கட்டிய ஊருக்கு ஒரே விழாவில் 2750 வயது ஏறியது. காதணியைக் கந்தகத்தில் முக்குகிறவர்கள் அதைச் சின்ன அளவில் செய்கிறார்கள், அவ்வளவே. அந்த ஆண்டுகளுக்குப் பிறகு உராட்டு வெண்கல இடைவார்களில் உள்ள சிங்கங்களும், அரரத் சமவெளியின் மெத்சாமோர் கல்லறைகளில் கிடைத்த தங்க, சூதுபவள மாலைகளின் வடிவங்களும் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இறங்கிப் பட்டறை மேசைக்கு வந்தன.

அதே 1960களின் முடிவில் இயக்குநர் செர்கெய் பராஜனோவின் ‘மாதுளையின் நிறம்’ படமும் வந்தது. வெள்ளைத் துணியில் மூன்று மாதுளைகள், அடியிலிருந்து சிவப்பு கசிந்து பரவுகிறது. வெர்னிசாஜ் மாதுளைகளில் பாதிக்கு அந்தக் காட்சியே பூர்வீகம் என்று சொல்லத் தோன்றும். திபிலிசியில் பழம்பொருள் வியாபாரியின் மகனாகப் பிறந்தவர் பராஜனோவ். போலீஸ் சோதனைக்கு வரும்போதெல்லாம் வீட்டு நகைகளைத் தன்னை விழுங்கச் சொல்வார்கள் என்று அவரே கதையாகச் சொல்லிவந்தார். 1973இல் சோவியத் அரசு அவரைச் சிறையில் போட்டது. நான்கு ஆண்டு உக்ரைன் சிறைமுகாம்களில் இருந்தார். அங்கே பால் புட்டிகளின் அலுமினியத் தகட்டு மூடிகளைச் சேர்த்துவைத்து, நகத்தால் அழுத்தி அழுத்தி, நாணயத்தில் இருப்பதுபோன்ற பக்கவாட்டு முகங்களைப் புடைக்கவைத்தார். அதற்குத் ‘தாலர்’ என்று பழைய வெள்ளி நாணயத்தின் பெயரையே வைத்தார். அவற்றில் ஒன்றைப் பிற்காலத்தில் வெள்ளியில் வார்த்து இத்தாலியின் ரிமினி திரைப்பட விழாவில் பரிசாகக் கொடுத்தார்கள். 1991இல் யெரெவானில் திறந்த அவருடைய அருங்காட்சியகத்தில் அந்த மூடிகள் இருக்கின்றன. உடைந்த பொம்மை, பொத்தான், லேஸ் துண்டு இவற்றால் அவர் செய்த தொப்பிகளும் ஒட்டுப்படங்களும் பக்கத்தில். உளி இல்லை, வெள்ளி இல்லை, தணல் இல்லை. நகம் மட்டும் இருந்தால் ஓர் ஆர்மீனியன் என்ன செய்வான் என்பதற்கு அவை சாட்சி.

சந்தையில் எழுத்துப் பதக்கங்கள் தனி வரிசை. மெஸ்ரோப் மஷ்தோத்ஸ் 405ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கிய 36 எழுத்து, இடைக்காலத்தில் சேர்ந்தவை தனி. எச்மியாட்சின் தலைமைப் பேராலயத்துக் கருவூலத்தில் இந்த எழுத்துகளைத் தங்கத்தில் செய்து கல் பதித்து வைத்திருக்கிறார்கள். இடைக்காலச் சுவடிகளில் எழுத்துகள் பறவைகளாகவே மாறிவிடும்: ஒரு கொக்கு கழுத்தை வளைத்தால் ஒரு எழுத்து, இரண்டு சேவல் முட்டிக்கொண்டால் இன்னொன்று. பறவையெழுத்து என்றே அதற்குப் பெயர். சந்தையில் பெரும்பாலோர் தேடுவது தங்கள் பெயரின் முதலெழுத்தை. லாஸ் ஏஞ்சலஸிலிருந்தோ மார்செயிலிருந்தோ வந்த பேரன் பேத்திகள், படிக்கத் தெரியாத எழுத்தில் தங்கள் பெயரைத் தேடிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த எழுத்து சென்னைக்கும் அந்நியம் அல்ல. பாரிமுனையில் ‘அரண்மனைக்காரத் தெரு’ என்று ஊர்வாய் திரித்துவைத்திருப்பது ஆர்மீனியர் தெருதான். பட்டும் ரத்தினக் கற்களும் விற்று வாங்கிய வணிகர்களின் குடியிருப்பு. உலகத்தின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ வெளிவந்தது 1794இல், இங்கே. அதை நடத்திய பாதிரியார் ஹருத்யுன் ஷ்மவோனியன் அந்தத் தெருவில் இருக்கும் 1772ஆம் ஆண்டுத் தேவாலய வளாகத்திலேயே அடங்கியிருக்கிறார். முற்றத்துக் கல்லறைப் பலகைகளில் வெட்டியிருக்கும் எழுத்தும் வெர்னிசாஜில் சங்கிலியில் ஆடுகிற எழுத்தும் ஒன்றே. இங்கே பள்ளத்தில் கறுப்பை இறக்குகிற வேலையை மழைக்காலங்கள் செய்துகொள்கின்றன.

2015இல் வந்த படுகொலை நூற்றாண்டுக்கு ஒரு சின்னம் வடிவமைத்தார்கள். நீலம் கலந்த ஊதாவில் ஐந்து இதழ்ப் பூ. ஆர்மீனிய மொழியில் அன்மோருக், மறவாதே என்று பொருள்படும் பூ. நினைவிடத்துக் கல்தூண்களைக் குறிக்கும் மஞ்சள் வட்டத்துக்கும் இதழ்களுக்கும் நடுவில், பூவின் மையத்தில் கறுப்பை வைத்திருந்தார்கள். சில மாதங்களில் அது சட்டைப்பின், காதணி, மோதிரம் என்று எல்லா மேசைகளிலும் பூத்துவிட்டது. எனாமல் பூ என்பதால் கந்தகத்துக்கு அங்கே வேலை இல்லை.

அதற்குப் பக்கத்திலேயே கிடக்கும் இன்னொரு பதக்கத்துக்கு வேலை உண்டு. நெட்டையான இரண்டு முகங்கள், ஒன்றுக்குத் தாடி, மற்றதற்கு முக்காடு. கழுத்துக்குக் கீழே உடம்பு இல்லை. மண்ணிலிருந்து தலை மட்டும் முளைத்ததுபோல இருக்கும். சிற்பி சர்கிஸ் பாக்தசாரியன் 1967இல் ஆர்த்சாக் என்று ஆர்மீனியர்கள் அழைக்கும் நாகோர்னோ கராபாக்கில், ஸ்தெபனகெர்த் நகருக்கு வெளியே ஒரு மேட்டில் எரிமலைக் கல்லால் எழுப்பிய சிலை. அதன் முறையான பெயர் ‘நாங்களே எங்கள் மலைகள்’. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ததிக், பபிக் என்பார்கள், பாட்டி, தாத்தா. 2023 செப்டம்பரில் அஜர்பைஜான் படை தாக்கியதும் இரண்டு வாரத்துக்குள் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர், கிட்டத்தட்ட அங்கிருந்த ஆர்மீனியர் அனைவரும், லச்சின் சாலை வழியாக ஆர்மீனியாவுக்கு வந்துவிட்டார்கள். கார்களின் கூரையில் மெத்தையும் அடுப்பும் கட்டியிருந்தன. சிலை மேட்டிலேயே நிற்கிறது. அதைப் பார்க்கப் போக ஆர்மீனியருக்கு இப்போது வழி இல்லை.

பதக்கத்தைச் செய்கிறவர்கள் தாத்தாவின் கண்குழியிலும் தாடிக் கோடுகளிலும் பாட்டியின் முக்காட்டு மடிப்பிலும் கறுப்பை விட்டு, மற்ற இடங்களைத் துடைத்துவிடுகிறார்கள். நாள்படப் போட்டால் சட்டைத் துணி உரசி உரசி மேடான இடங்கள் இன்னும் வெளுக்கும். வியர்வை பட்ட பள்ளங்கள் இன்னும் கறுக்கும். முதலில் வெளுப்பது பாட்டியின் மூக்கு நுனி.